சம்பந்தியம்மாவின் சின்னச் சொற்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பன்னிரண்டாவது வரவு. மருந்துக்கடையில் கிடைத்தது.

இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, "டெல் ஹிம் டு கட் டவுன் ஆன் சால்ட்" என்றாள். கட் என்றால் வெட்டு. டவுன் என்றால் கீழே. ஆன் என்றால் மேல். உப்பின் மேல் கீழே வெட்டச் சொல். இப்படியா ஒரு மனுஷி பேசுவாள்? மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று யோசித்தேன். திரும்பப் போய்க் கேட்டேன். கையால் ஒரு கிண்ணத்தைக் காட்டி, அதைப் பாதியாக்கிக் காட்டினாள். குறைத்துக்கொள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் நீளக் கணக்கு நோட்டில் ஏற்றினேன். இடது பக்கம் வரவு: எந்த நாள் கேட்டேன், எங்கே, யார் சொன்னது. வலது பக்கம் செலவு: அதை நான் யாரிடம் சொன்னேன், அவருக்குப் புரிந்ததா. செலவாகாத சொல் என்னுடைய சொல் இல்லை. பதினைந்து நாளில் செலவு செய்யாவிட்டால் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. சுவரிடம் சொன்னால் செல்லாது. இவரிடம் சொன்னாலும் செல்லாது. ஆங்கில விஷயத்தில் சுவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ரேடியோவில் காலைப் பேச்சு நிகழ்ச்சி, பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிய, முதல் பதினாறு பக்கம் இல்லாத ஓர் அகராதி, அப்புறம் தெருவில் காதில் விழுவது. இவைதான் என் பள்ளிக்கூடம். மகள் இதை 'அம்மாவோட பொழுதுபோக்கு' என்பாள்.

மகளுக்குக் கல்யாணம் ஏப்ரல் 26. மாப்பிள்ளை அவளோடு அதே பிசியோதெரபி மையத்தில் வேலை பார்ப்பவர். நம் மொழிக்காரர் இல்லை. அவர் அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான். இருபத்தேழு வருஷம் நகரப் பஸ் ஓட்டி, போன வருஷம் ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுகிறோம்.

சாயங்காலம் மகள் சொன்னாள்: "நீ எதுவும் பேச வேணாம்மா. சும்மா சிரி, கைய ஆட்டு. மத்தத நான் பாத்துக்கறேன்."

சிரித்தேன். நல்ல மனசோடுதான் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு வரவு இருக்கிறதடி உன் அம்மாவிடம் என்று சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

கட் டவுன் ஆன்: செலவு. மாடிவீட்டுக்காரர் படிக்கட்டில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார், அவரிடமே சொன்னேன். முறைத்தார். அப்படியென்றால் புரிந்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். இவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார், வேட்டி மாற்றவில்லை. "இடுப்புக்குக் கீழ தெரியாதுல்ல" என்றார்.

சம்பந்தியம்மா வட்ட முகம், குட்டை முடி. பஸ் ஓட்டியவர்போலவே பேசுகிறார், நிறுத்தம் வந்தால்தான் நிற்கிறார். நான் கையை ஆட்டினேன். பாதி புரிந்தது, பாதி ஓடிப்போயிற்று. 'டவுன் பை த டிப்போ' என்றார். 'ஓவர் அட் மை சிஸ்டர்ஸ்' என்றார். 'பேக் ஃப்ரம் த டென்டிஸ்ட்' என்றார். மூன்றையும் முந்தானைக்கு அடியில் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மகளிடம் என் ஒரே ஆசையைக் கேட்கச் சொன்னேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து பத்து நிமிஷம் பிரார்த்தனை செய்ய வேண்டும். நகை கேட்கவில்லை, விருந்து கேட்கவில்லை. இது மட்டும்தான். இவள் வயிற்றில் இருந்த நாளிலிருந்து இவளுக்காகப் பிரார்த்தனை செய்கிறேன். அந்த நாளில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பேனா?

மகள் கடகடவென்று ஏதோ சொன்னாள். என் காதுக்கு எட்டாத வேகம். சம்பந்தியம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். அப்புறம் நீளமாகப் பேசினார்.

"சரின்னுட்டாங்கம்மா" என்றாள் மகள்.

இறைவனுக்கு நன்றி.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒன்று பிடிபட்டது. மனசு நிற்கமாட்டேன் என்கிறது, அதனால் துணி ஊறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

வினைச்சொல்லுக்குப் பின்னால் இரண்டு சின்னச் சொற்கள் வருகின்றனவே, அவற்றையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டி 'ஒட்டு' என்று இத்தனை நாள் எழுதிவந்தேன். தவறு. இரண்டுக்கும் இரண்டு வேலை. முதலாவது வினையின் முகத்தைத் திருப்பிவிடுகிறது. இரண்டாவது அடுத்து வரும் ஆளையோ பொருளையோ கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருகிறது.

ரன் என்றால் ஓடு. ரன் அவுட் என்றதும் ஓட்டமே போய்விட்டது, தீர்ந்துபோவதாகிவிட்டது. எது தீர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால்தான் 'ஆஃப்' வருகிறது: ரன் அவுட் ஆஃப் மில்க். பால் பாத்திரத்தைக் கையில் கவிழ்த்துக் காட்டிக்கொண்டே சொன்னால் 'ஆஃப்' வேண்டாம். வீ ஹேவ் ரன் அவுட், அதோடு நின்றுவிடலாம். எல்லோருக்கும் தெரியும் எது என்று.

புட் அப் என்றால் தூக்கி மாட்டு. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். ஒரு 'வித்' வந்ததும் ஆணியும் சுவரும் போய் ஒரு மனிதர் வந்து நிற்கிறார், நாம் அவரைப் பொறுத்துக்கொள்கிறோம். லுக் அப் டு என்றால் ஒருவரை மதிப்பது. லுக் டவுன் ஆன் என்றால் மட்டமாக நினைப்பது. கண் ஒன்றுதான், சின்னச் சொல் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் மனசு போகிறது.

முதலாவதுக்குத் 'திருப்பி' என்று பேர் வைத்தேன். இரண்டாவதுக்குப் 'பிடி'. நோட்டில் புதிதாக இரண்டு கோடு போட்டு, எல்லா வரவையும் பிரித்து எழுதினேன்.

இன்னொன்று. பேசும்போது அழுத்தம் திருப்பிக்குத்தான். பிடியை விழுங்கிவிடுகிறார்கள். 'ரனௌட்டவ்' என்று ஒரே மூச்சு. இத்தனை நாள் எனக்குப் புரியாமல் போனதற்கு அதுதான் காரணம், என் புத்தி இல்லை. கேள்வி கேட்கும்போது மட்டும் பிடி கடைசியில் தனியாக நிற்கிறது: வாட் ஹேவ் யூ ரன் அவுட் ஆஃப்? கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிடிக்க ஆளில்லை. பதில் சொல்கிறவர் வந்து பிடிக்க வேண்டும்.

சம்பந்தியம்மாவின் 'டவுன் பை', 'ஓவர் அட்', 'பேக் ஃப்ரம்' வேறு ரகம். அங்கே திருப்பி எதையும் மாற்றவில்லை, வெறுமனே திசை காட்டுகிறது. டிப்போ கீழ்ப்பக்கம், அக்கா வீடு அந்தப் பக்கம், பல் டாக்டரிடமிருந்து திரும்பி. இதற்கு ஏன் மலைத்தேன்? நாமும்தானே 'உள்ளேயிருந்து' என்கிறோம், 'மேலேயிருந்து' என்கிறோம். அதுவும் இரண்டு சின்னச் சொல் ஒட்டியதுதான். நாக்கு பாட்டுக்குச் செய்துகொண்டு போகிறது, நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அகராதியில் இருந்தாலும் அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருந்திருக்கும். நானே பார்த்தேன். இறைவா, பெருமை ஆகாது என்று தெரியும். இன்று ஒரு நாள் விட்டுவிடு.

மார்ச் 17, திங்கள்

இவரிடம் திருப்பி, பிடி எல்லாம் விளக்கினேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். பெட்டியிலிருந்த திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு முப்பது வருஷமா அப், டவுன்னு ரெண்டே பட்டன். அத வெச்சு உன்னயும் உன் பொண்ணயும் காப்பாத்திட்டேன். உனக்கு மட்டும் எதுக்கு மூணாவது பட்டன், கணக்கம்மா?"

"உங்க லிஃப்ட்டுல ஆள் ஏறுதா, ஜடமா ஏறுது?"

"ஆள்தான்."

"அந்த ஆளத்தான் என் மூணாவது பட்டன் உள்ள கூட்டிட்டு வருது."

திருகாணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். "நீ படிச்சிருந்தா என்னக் கட்டியிருக்க மாட்ட" என்றார். அது பாராட்டு. இவர் பாராட்டு இப்படித்தான் வரும்.

மார்ச் 23, ஞாயிறு

எப்படி எழுதுவது.

இன்றும் வீடியோ. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஏப்ரல் மூன்றாம் தேதி வந்து நாலு நாள் இங்கே தங்குவதாகச் சொன்னார். அப்புறம் என்னை நேராகப் பார்த்துப் பேசினார். மகளைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. மெதுவாக, பஸ்ஸில் வயசானவர் ஏறும்வரை காத்திருப்பதுபோல.

நான் ரொம்ப நல்லவள் என்றார். நான் அந்தப் பிரார்த்தனைக்கு எவ்வளவு 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்று அவருக்குத் தெரியும் என்றார். அது என் முப்பத்தொன்றாவது வரவு, ஆவலோடு காத்திருப்பது. அப்புறம் சொன்னார்: அப்படி ஒன்றை 'டூ அவே வித்' செய்வது சுலபமில்லை, நன்றி.

டூ அவே வித், எண்பத்தெட்டாவது வரவு. ரேடியோவில், நூலக அபராதத்தை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியில் கேட்டது. இல்லாமல் செய்துவிடுவது.

மகள் என் பக்கம் திரும்பினாள். "பிரார்த்தனைக்கு அவங்களும் ஆவலா இருக்காங்களாம்மா."

நான் சிரித்தேன். கையை ஆட்டினேன்.

எனக்குத்தான் தப்பாகப் புரிந்ததா? பிடியைத்தானே விழுங்குவார்கள், திருப்பியை இல்லையே. 'அவே' கணீரென்று கேட்டது. என் பொண்ணா? என் பொண்ணா என் எதிர்லயே உக்காந்து மாத்திச் சொல்றா?

மார்ச் 24, திங்கள்

காலைப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கினேன்.

மார்ச் 25, செவ்வாய்

கணக்கை ஒரு தரம் சரிபார்க்காமல் யார் மேலும் குற்றம் சொல்லக்கூடாது. மருந்துக்கடைக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லாததால் பஞ்சு வாங்கினேன். அந்தப் பெண்ணிடம் சம்பந்தியம்மா சொன்னதை அப்படியே சொல்லி, என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பிடித்த ஒன்றை அவருக்காக நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டீர்களாம். அதற்கு நன்றி சொல்கிறார்" என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். "நல்ல மனுஷி போலிருக்கிறது."

ஆமாம், நல்ல மனுஷிதான். நான்தான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

இவரிடம் சொன்னேன்.

"கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டா."

"எனக்குத் தெரியாதா?"

"அவங்க மாட்டேன்னிருப்பாங்க. நீயும் விடமாட்ட. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் தள்ளிவிட்டிருக்கா. கேளு அவளையே."

அவளைக் கேட்டால் என்ன சொல்வாள்? இன்னொரு தரம் வழவழவென்று பூசிவிடுவாள். அந்த அம்மாள் நான் விட்டுக்கொடுத்ததாக நம்புகிறார். நான் அவர் சம்மதித்ததாக நம்பினேன். இருபத்தாறாம் தேதி காலையில் நான் பிரார்த்தனைக்கு உட்காரச் சொல்வேன், அவர் என்னை ஏமாற்றுக்காரி என்று பார்ப்பார். என் மகள் அந்த வீட்டில் முதல் அடி வைக்கும்போதே அவள் அம்மா பொய்க்காரி என்றாகிவிடும்.

சம்பந்தியம்மாவிடம் நானே பேசுவேன். நேரில். நடுவில் ஆளில்லாமல்.

ஏப்ரல் 3, வியாழன்

வந்துவிட்டார். ஒரே ஒரு பை. இவர் தூக்க வந்தபோது கொடுக்கவில்லை. கை எனக்கு இரண்டு மடங்கு. வாசலில் என்னைக் கட்டிக்கொண்டார், என் கண்ணாடி கோணிப்போயிற்று.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் நடுவில் உட்கார்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் தட்டு ஆறிப்போயிற்று. பாவமாகவும் இருந்தது. கோபமாகவும் இருந்தது.

ஏப்ரல் 5, சனி

பேசிவிட்டேன்.

மகள் மையத்துக்குப் போனாள். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதென்று இவரைக் கூப்பிட்டார்கள். கொடியிலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்துவந்தேன். தனியாக மடிக்க முடியாத பெரிய விரிப்பு. சம்பந்தியம்மா கேட்காமலே அந்த முனையைப் பிடித்தார்.

பதினொரு தரம் மனசுக்குள் சொல்லிப்பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டது. உங்களோடு கெட் ஆன் வித், ஒத்துப்போக வேண்டும், உங்களை லுக் அப் டு செய்கிறேன், இந்த விஷயத்தை இனிமேல் புட் அப் வித் முடியாது, சொன்னதை கோ பேக் ஆன் செய்து பேச்சு மாறுகிறவள் நான் இல்லை. ஒரே மூச்சில் நாலு வரவும் செலவு.

அவர் விரிப்பைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். "மெதுவாக. ஒரே நிறுத்தத்தில் எல்லாரையும் ஏற்றிவிட்டீர்கள். கதவை மூட முடியவில்லை." ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு முழுக்கப் புரிந்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கினேன். பிரார்த்தனையை நான் விடவில்லை. விடுவதாக யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சம்மதித்தீர்கள் என்று என்னிடம் சொன்னார்கள்.

"நான் சம்மதிக்கவில்லை" என்றார். "முதல் நாளே முடியாது என்றேன். நீங்களே விட்டுவிட்டதாக அவள் சொன்னாள்."

விரிப்பு நடுவில் இழுபட்டு நின்றது. இரண்டு பேரும் விடவில்லை.

கோபப்படுவார் என்று நினைத்தேன். துணிக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். "நாலு வாரமாக நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம், நடக்காத ஒன்றுக்கு."

சிரிப்பு அடங்கியதும் சொன்னார். கணவர் பதினோரு மாசம் படுக்கையில் இருந்தாராம். ஷிஃப்ட் முடிந்து தினமும் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போயிருக்கிறார், சீருடையைக்கூட மாற்றாமல். பதினோரு மாசமும். அதற்கப்புறம் அங்கே கால் வைக்கவில்லை. 'ஃபெல் அவுட் வித் ஹிம்' என்று விரலை மேலே காட்டினார். மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை.

மனஸ்தாபம் கொள்ள எதிரே ஒருவர் இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது அவருடைய பதினோரு மாசம். அதில் எனக்கு வாதாட உரிமையில்லை.

"உட்கார மாட்டேன். உங்கள் மகளுக்காகக்கூட மாட்டேன். என்னைக் கேட்காதீர்கள்."

"கேட்கவில்லை. ஆனால் என்னால் அதை விட முடியாது."

"தெரிகிறது."

விரிப்பை மடித்து முடித்தோம். அவர் முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வழி எதுவும் தெரியவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் இன்றுதான் ஒரு பெரிய விஷயத்தை அந்த மொழியில் பேசியிருக்கிறேன். விலை கேட்கவில்லை, வழி கேட்கவில்லை. என் மனசைச் சொன்னேன், அவர் மனசை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பிரார்த்தனை முடித்து வந்தால் சம்பந்தியம்மா அடுக்களையில் நின்று தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கோப்பை நீட்டி, ஒரு யோசனையை 'கம் அப் வித்' செய்திருப்பதாகச் சொன்னார். நான் போகிற பிரார்த்தனைக் கூடம் பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில்தானே இருக்கிறது? எல்லோரையும் வேனில் அவரே ஓட்டிப் போவாராம். கூடத்து வாசலில் நிறுத்துவார். விருப்பப்பட்டவர்கள் இறங்கிப் போகட்டும். அவர் வண்டியிலேயே இருப்பார். பத்து நிமிஷம்.

இரண்டு குடும்பமும் ஒன்றாக என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த ஆசையில் ஒரு பங்கு போகிறது. தேநீர் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன்.

"பத்து நிமிஷம்" என்றேன்.

"வண்டி கிளம்பும் நேரம் எனக்கு மதம் மாதிரி" என்றார்.

மகள் எழுந்து வந்தபோது நாங்கள் இருவரும் மேஜைக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சம்பந்தியம்மா எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உங்களுக்குள்ள பேசிக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்லம்மா" என்றாள். அழுதாள். "சொன்னா கல்யாணமே நின்னுடும்னு பயந்துட்டேன். அன்னிக்குக் காலையில எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு…"

"எப்படி சமாளிப்ப? ஒருத்தரப் பாத்து அழுவ, இன்னொருத்தரப் பாத்து சிரிப்ப. அதத்தான இவ்ளோ நாளா செஞ்ச?"

"கோவமாம்மா?"

"கோவம் ஆறிடுச்சு. ஆனா என் வாய என்கிட்ட குடுத்துடு. இனிமே நானே வெச்சுக்கறேன்."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, அவளிடம் என்ன சொன்னேன் என்று கேட்டார். மகள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டினார்.

ஏப்ரல் 7, திங்கள்

ரயிலேற்றிவிட்டோம். ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொன்னார்: என் ஆங்கிலம் அவருடைய டிப்போ மேலாளரின் ஆங்கிலத்தைவிட மேலாம். இவர் பக்கத்திலேயே நின்றார், ஒன்றும் புரியவில்லை. வீடு வரும்வரை நாலு தரம் சொல்லிக்காட்டினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மருந்துக்கடைப் பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன். திருப்பி, பிடி கட்டங்களை நெடுநேரம் பார்த்தாள். எந்த வகுப்பில் சேர்ந்து படித்தீர்கள் என்று கேட்டாள். என் அடுக்களையில் என்றேன்.

ஏப்ரல் 26, சனி

எல்லோரும் தூங்கப் போகும் முன் எழுதிவிட வேண்டும். கால் வீங்கியிருக்கிறது. கையெழுத்து ஆயிற்று. மகள் போய்விட்டாள். வீடு விசாலமாக இருக்கிறது.

காலையில் சம்பந்தியம்மா வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டில் நீளச் சட்டை, காலில் பஸ் ஓட்டிய காலத்துப் பழைய செருப்பு. பதினாலு பேரையும் எண்ணி ஏற்றினார். கூடத்து வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். எல்லோரும் இறங்கினார்கள். மாப்பிள்ளை தன் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார். உள்ளே வருவது அவராக எடுத்த முடிவு.

நான் கடைசி. படியில் கால் வைத்தபோது அவர் ஜன்னலை இறக்கி என்னைக் கூப்பிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நேரே சாலையைப் பார்த்தபடி ஒரு பெயரைச் சொன்னார். அவர் கணவருடைய பெயர். இத்தனை வாரத்து வீடியோவிலும் நாலு நாள் தங்கியபோதும் ஒரு தரம்கூட அவர் வாயிலிருந்து வராத பெயர்.

"இஃப் யூ கெட் ரவுண்ட் டு இட்" என்றார்.

என் நோட்டில் இல்லாத சொல். நேரம் அமைந்தால், மற்றதெல்லாம் முடிந்து முறை வந்தால். நின்று யோசிக்காமலே புரிந்தது. அந்தப் பெயரை நான் ஒரு தரம் திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பைச் சரிசெய்தார். மறுபடி சொன்னேன். தலையசைத்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். மகளையும் மாப்பிள்ளையையும் இறைவன் கையில் கொடுக்கச் சில நிமிஷம் போதுமாயிருந்தது, அவளைப் பற்றி அவனுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. மீதி நேரம் முழுக்க அந்தப் பெயரைச் சொன்னேன், சரியான உச்சரிப்போடு. அதை இங்கே எழுதவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் எழுந்து வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில் அப்படியே இருந்தார். வண்டியில் ஏறியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சொன்னேன்" என்றேன். சாவியைத் திருகினார்.

கல்யாணப் பெண் பின்சீட்டிலிருந்து என் காதருகே குனிந்தாள். "ஜன்னல் வழியா அத்தை என்னம்மா சொன்னாங்க?"

"என்கிட்ட சொன்னாங்க" என்றேன்.